5 அடி உயரம்... 25-க்கு 25 குறி! துப்பாக்கி ராணி ஆன்னி ஓக்லியின் கதை

அமெரிக்காவில் ரொம்ப காலம் ஓசி டிக்கெட்டுக்கு ஒரு செல்லப்பெயர் இருந்துச்சு. அந்தப் பெயர், ஆன்னி ஓக்லி.

ஏன்னு கேக்குறீங்களா? நாடகக் கொட்டகையோ, பேஸ்பால் மைதானமோ, இலவசமாகக் கொடுக்கும் டிக்கெட்டில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓட்டை விழுந்த அட்டையைப் பார்த்ததும் ஜனங்களுக்கு ஒரு பெண்தான் ஞாபகத்துக்கு வந்தார். சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காற்றில் வீசினால், அது தரையைத் தொடுவதற்குள் அதில் வரிசையாக ஓட்டை போட்டுவிடும் பெண். அதே சீட்டை விளிம்பு தெரியும்படி நிறுத்தி வைத்தால், 90 அடி தூரத்திலிருந்து அதை இரண்டாகக் கிழித்துவிடும் பெண்.

5 அடி உயரம், தானே தைத்துக்கொண்ட பாவாடை சட்டை, தலையில் தொப்பி. இவ்வளவுதான் ஆன்னி ஓக்லி. அவர் கையில் இருந்த துப்பாக்கி ஊரையே வாய்பிளக்க வைத்தது. ஆனா அவர் வாழ்க்கையில் நிஜமாகவே வாய்பிளக்க வைக்கிற விஷயங்கள் அந்த மேடைக்கு வெளியேதான் நடந்தன. வாங்க, முதல்ல இருந்து பார்ப்போம்.

அடுப்புக்கு மேலே தொங்கிய துப்பாக்கி

1860 ஆகஸ்ட் 13. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டார்க் கவுன்ட்டி என்ற கிராமப் பகுதியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ஃபீபி ஆன். மரக்கட்டைகளால் கட்டிய வீடு, கொஞ்சம் நிலம், நிறைய பிள்ளைகள். பனிப்புயலில் மாட்டி உறைந்துபோய் வீடு திரும்பிய அப்பா, உடம்பு தேறாமல் 1866-ல் இறந்துபோனார். ஆன்னிக்கு அப்போ 5 வயசு.

அதுக்கப்புறம் அந்த வீட்டில் பசிதான் பெரிய ஆள். குட்டிப்பொண்ணு ஆன்னி, சோளத்தட்டையில் பொறி செய்து காட்டில் பறவை பிடிக்க ஆரம்பித்தாள். 8 வயதில், கணப்புக்கு மேலே மாட்டியிருந்த அப்பாவின் பழைய துப்பாக்கியை இறக்கினாள். முதல் குண்டிலேயே ஓர் அணில் விழுந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி வேலை செய்யும் தெரியுமா? குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டணும். மேலே குண்டைப் போடணும். நீளமான கம்பியால் இடிச்சு இறக்கணும். மருந்து கொஞ்சம் கூடிப்போனால் உதை தோளை முறித்துவிடும். இன்னும் கூடினால் குழலே வெடிக்கும். ஒரு தடவை தப்பினால், மறுபடி நிரப்புவதற்குள் இரை ஓடிப்போகும். அன்றைய சாப்பாடும் கூடவே ஓடிப்போகும். அளவு, பொறுமை, ஒரே ஒரு வாய்ப்பு. ஆன்னிக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான்.

ஓநாய் வீடு

வறுமை முற்றியபோது, 1870-ல் ஆன்னியை ஏழைகள் விடுதியில் சேர்த்தார் அம்மா. அங்கேதான் தையலும் பூவேலையும் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு குடும்பம் வந்தது. குழந்தையைப் பார்த்துக்கணும், வாரம் 50 சென்ட் சம்பளம், படிப்பும் சொல்லித்தருகிறோம் என்று கூட்டிப்போனது.

சம்பளமும் வரவில்லை, படிப்பும் வரவில்லை. விடியற்காலை ஆரம்பிச்ச வேலை ராத்திரி வரை. தைத்துக்கொண்டே தூங்கிப்போன ஒரு நாளில், காலில் செருப்புகூட இல்லாமல் பனியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷ நரகம். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஓடிவந்துவிட்டார்.

அந்தக் குடும்பத்தின் பெயரைச் சாகும்வரை அவர் எங்கேயும் சொல்லவில்லை. தன் வாழ்க்கையை எழுதும்போதுகூட அவர்களை ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிட்டார்.

வீட்டுக்குத் திரும்பிய ஆன்னி மறுபடி துப்பாக்கியை எடுத்தார். இந்த முறை தொழிலாக. வேட்டையாடிய பறவைகளை, முயல்களை கிரீன்வில் ஊரின் மளிகைக்கடைக்கு விற்றார். அங்கிருந்து அவை சின்சினாட்டி நகரத்து ஹோட்டல்களுக்குப் போயின. தலையில் மட்டும் சுட்டதால் கறியில் ரவை இருக்காது. சாப்பிடுகிறவர் பல்லில் ஈயக்குண்டு கடிபடாது. அதனால் ஆன்னி அனுப்பும் சரக்குக்கு மவுசு. 15 வயதுக்குள் அம்மாவின் நிலத்தின் மீதிருந்த அடமானக் கடனை முழுசாக அடைத்துவிட்டார். ஒரு டீன்ஏஜ் பொண்ணு, சொந்த சம்பாத்தியத்தில் வீட்டை மீட்ட கதை இது.

தோற்றவர் காதலில் விழுந்தார்

ஃபிராங்க் பட்லர் அயர்லாந்திலிருந்து வந்தவர். ஊர் ஊராகப் போய்த் துப்பாக்கி வித்தை காட்டுகிறவர். போகிற ஊரில் எல்லாம், உள்ளூர்க்காரன் எவனையும் ஜெயிப்பேன் என்று 100 டாலர் பந்தயம் கட்டுவார். சின்சினாட்டி பக்கம் வந்தபோது, எதிரே வந்து நின்றது பாவாடை கட்டிய சின்னப்பெண்.

மாறி மாறிச் சுட்டார்கள். பட்லர் 25-ல் 24. ஆன்னி 25-க்கு 25!

இது 1875-ல், ஆன்னிக்கு 15 வயதில் நடந்தது என்பது குடும்பத்தார் கணக்கு. 1881 என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எந்த வருஷமா இருந்தாலும் அடுத்து நடந்ததில் சந்தேகமில்லை. தோற்றுப்போன பட்லருக்கு ஈகோ அடிபடவில்லை, மனசுதான் பறிபோனது. தன் காட்சிக்கு டிக்கெட் கொடுத்து ஆன்னியை அழைத்தார். காதல், பிறகு கல்யாணம். கனடாவின் விண்ட்ஸரில் பதிவான சான்றிதழில் இருக்கும் தேதி 1882 ஜூன் 20.

அதே வருஷம் மே மாதம், பட்லரின் மேடைக் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவர் இடத்தில் ஆன்னி ஏறினார். பார்வையாளர்களுக்கு பட்லர் மறந்துபோனார். அதுக்கப்புறம் பட்லர் செய்ததுதான் முக்கியம். ஓரமாக ஒதுங்கி, மனைவியின் மேனேஜராகிவிட்டார். ஒப்பந்தம் பேசுவது, துப்பாக்கிகளைப் பராமரிப்பது, குறிப்பொருளைக் காற்றில் வீசுவது எல்லாம் அவர் வேலை. 1880-களில் இப்படி ஒரு புருஷன்! ஓக்லி என்பது ஆன்னி மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்.

அதே ஊரில் ஒரு மரணம்

ஆன்னி மேடையேறிய அதே 1882. நவம்பர் 30. சின்சினாட்டியில் ஒரு நாடகம். ஃபிராங்க் ஃப்ரெய்ன் என்ற நடிகர், எதிரே நிற்கும் நடிகையின் தலையில் இருக்கும் ஆப்பிளைச் சுட வேண்டும். அந்த நடிகையின் பெயரும் ஆன்னிதான். ஆன்னி வான் பெரன். ஃப்ரெய்னைத் திருமணம் செய்துகொள்ள இருந்தவர். அதுவரை அந்த வித்தையைப் பல முறை செய்தவர்கள்தான் இருவரும். அன்றைக்குத் துப்பாக்கியின் உள்ளே ஒரு பாகம் உடைந்தது. குண்டு ஆப்பிளில் படவில்லை. நிரம்பிய அரங்கின் முன்னால் அந்தப் பெண் விழுந்து இறந்தார்.

ஃப்ரெய்ன் குறி தெரியாதவர் இல்லை. பயிற்சி இல்லாதவரும் இல்லை. கருவி பழுதானது, அவ்வளவுதான். ஆனா, குழலுக்கு முன்னால் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அது வெறும் பழுதாகவே முடிந்திருக்கும்.

துப்பாக்கிப் பாதுகாப்பின் மொத்த சாரமும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கு. இன்றைக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம் எதற்குப் போனாலும் முதல்நாள் சொல்லித்தரும் நான்கு விதிகள் இவை:

1. எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியது என்றே நினைத்துக்கொள். காலி என்று யார் சொன்னாலும், நீயே திறந்து பார்.

2. சுடக் கூடாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. ஒரு நொடிகூட.

3. குறி பார்த்து, சுடுவது என்று முடிவு செய்யும்வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும்.

4. குறியை மட்டும் பார்க்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கு, யார் இருக்காங்கன்னும் பார்.

உங்களில் என்சிசி-யில் இருந்தவர்களுக்கு இது புதுசில்லை. ரேஞ்சில் குழலைக் கொஞ்சம் திருப்பினாலே எவ்வளவு திட்டு விழும்னு தெரியும்தானே!

இந்த நான்கில் ஒன்றை மீறினால், மற்ற மூன்றும் காப்பாற்ற வாய்ப்பிருக்கு. இரண்டை ஒன்றாக மீறும்போதுதான் உயிர் போகுது. நான்காவது விதியைச் சும்மா நினைக்காதீங்க. குட்டியூண்டு .22 குண்டுகூட தடுப்பு இல்லையென்றால் 1.5 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். அதனால்தான் அந்தக் காலத்துக் காட்சிகளில், குதிரை மேலிருந்து கண்ணாடிப் பந்துகளைச் சுடும்போது, ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பொடி ரவைகள் நிரப்பிய தோட்டாக்களைப் பயன்படுத்தினார்கள். சுற்றிலும் ஜனம் உட்கார்ந்திருக்கே!

ஒரு உண்மையையும் சொல்லிடணும். ஆன்னியும் ஆபத்தான வித்தைகள் செய்தவர்தான். பட்லர் பிடித்த சிகரெட்டைச் சுட்டார். ஜார்ஜ் என்ற செல்ல நாயின் தலையிலிருந்த ஆப்பிளைச் சுட்டார். ஜெர்மனியின் வில்ஹெல்ம் கையில் இருந்த சிகரெட்டின் சாம்பலைத் தட்டிவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. இரண்டாவது விதியை ஒவ்வொரு நாளும் மீறிய தொழில் அது. அவர் கையால் யாரும் சாகவில்லை. ஃப்ரெய்னுக்கும் அந்த நவம்பர் 30 வரை அப்படித்தான் இருந்தது. ரசிக்கலாம், செய்து பார்க்கக் கூடாது.

தாத்தா ஒருவர், மகாராணி ஒருவர்

1884-ல் செயின்ட் பால் நகரத்தில் ஆன்னியின் காட்சியைப் பார்த்தவர்களில் ஒருவர் சிட்டிங் புல். லகோட்டா பழங்குடி மக்களின் தலைவர். அமெரிக்க ராணுவத்தை எதிர்த்து நின்றவர், அப்போது அரசின் கண்காணிப்பில் இருந்தவர். ஆன்னியின் குறியைப் பார்த்து அசந்துபோய், அவரது போட்டோ வேண்டும் என்று 65 டாலர் கொடுத்தனுப்பினார். தன் மகளாகவே ஏற்றுக்கொண்டு, குறி தப்பாத சின்னப்பெண் என்று பொருள்படும் பெயரும் வைத்தார்.

அடுத்த வருஷம், 1885-ல், பஃபலோ பில் நடத்திய பிரமாண்டமான 'வைல்ட் வெஸ்ட்' காட்சிக் குழுவில் ஆன்னி சேர்ந்தார். சில மாதங்கள் சிட்டிங் புல்லும் அதே குழுவில் பயணம் செய்தார். 1890 டிசம்பரில் அவரைக் கைது செய்யப் போன காவலர்களின் துப்பாக்கிக் குண்டுக்கு அவர் இரையானார். அவர் மக்களின் தோல்வியையே கேளிக்கையாக நடத்திக் காட்டிய குழு அது என்பதையும் மறந்துவிட முடியாது.

வைல்ட் வெஸ்ட்டில் ஆன்னியின் காட்சி ஆரம்பத்திலேயே வந்துவிடும். காரணம் சுவாரஸ்யமானது. வெடிச்சத்தம் கேட்டுப் பெண்களும் குழந்தைகளும் மிரளுவார்கள் இல்லையா? துள்ளி ஓடிவந்து, பறக்கும் முத்தம் கொடுத்து, மெல்லிய சத்தத்தில் ஆரம்பித்து, போகப்போகப் பெரிய சத்தத்துக்குப் போவார். ஒரு பெண்ணே அலட்டாமல் சுடுகிறாளே என்று கூட்டத்துக்குப் பயம் தெளிந்துவிடும். குறி தப்பினால் காலைத் தரையில் உதைத்துச் சிணுங்குவார். முடிந்ததும் ஒரு குட்டி உதை உதைத்துவிட்டு ஓடிப்போவார். இன்றைய பாஷையில் சொன்னால், அதுதான் அவரது சிக்னேச்சர் ஸ்டைல்!

1886-ல் லில்லியன் ஸ்மித் என்ற 15 வயதுப் பெண் குழுவில் சேர்ந்தாள். அவளும் சுடுவதில் கெட்டிக்காரி. உடனே ஆன்னி தன் வயதில் 6 வருஷத்தைக் குறைத்துக்கொண்டார். குறி தப்பாத ராணிக்கும் வயசு விஷயத்தில் ஒரு பதற்றம் இருந்திருக்கு பாருங்க.

1887-ல் லண்டன். விக்டோரியா மகாராணி பட்டமேற்ற 50-ம் ஆண்டு விழா. மகாராணி முன்னால் காட்சி. அதற்கு முன் வேல்ஸ் இளவரசர் குடும்பத்தோடு வந்தபோது, முதலில் இளவரசருக்குக் கைகொடுப்பதுதான் அரண்மனை வழக்கம். ஆன்னி, இளவரசி அலெக்ஸாண்ட்ராவுக்குத்தான் முதலில் கைகொடுத்தார். லண்டன் முழுக்க அதுவே பேச்சு.

உடம்புக்கு ஏத்த துப்பாக்கி

அதே லண்டனில் ஆன்னி ஒரு விஷயத்தில் தடுமாறினார். இங்கிலாந்துப் புறாக்கள் வேகமானவை. போட்டிகளில் அவரது குண்டுகள் தப்ப ஆரம்பித்தன. கண்ணில் கோளாறா, கையில் நடுக்கமா? இரண்டும் இல்லை. சார்ல்ஸ் லங்காஸ்டர் என்ற பெயரில் தொழில் நடத்திய லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் கவனித்துச் சொன்னார். அவரது துப்பாக்கி உடம்புக்குப் பொருந்தவில்லை, எடையும் அதிகம். ஆன்னியின் தோள், கை நீளம், கழுத்து எல்லாம் அளந்து, தையல்காரர் சட்டை தைக்கிற மாதிரி எடை குறைந்த துப்பாக்கிகளைச் செய்துகொடுத்தார். குறி திரும்ப வந்தது.

அதன்பிறகு ஆன்னி இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். விலை உயர்ந்தது, பெயர் பெற்றது, பெரியது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பிடிக்கிறவருக்குப் பொருந்தணும்.

ஷாட்கன்னுக்குச் சொன்ன இந்தப் பாடம் கைத்துப்பாக்கிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஏன்னா அதைத் தாங்கத் தோள் கிடையாது, மணிக்கட்டு மட்டும்தான். பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கும் விஷயங்கள் இவை.

முதலில் கைப்பிடி. பிடித்தால் குழலும் மணிக்கட்டும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கணும். பிடியை மாற்றாமலேயே ஆள்காட்டி விரலின் நுனிச்சதை டிரிகரில் படணும். விரலை எக்கித் தொட வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிசு.

அடுத்து எடை. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்றுதான் கடைக்காரர்கூட எடுத்து நீட்டுவார். ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கி, புதுசாகப் பழகுகிறவரின் கையை உதறவைக்கும். உதைக்குப் பயந்தவர் சுடும் முன்பே கண்ணை மூடிவிடுவார். அதனால்தான் .22 போன்ற மெல்லிய உதை உள்ளதில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, வகை. ரிவால்வரில் உருளைக்குள் ஐந்தாறு குண்டுகள் இருக்கும். உருளையைத் திறந்தால் நிரம்பியதா காலியா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆன்னி காலத்தில் பிரபலமாக இருந்த 1873 மாடல் கோல்ட் ரிவால்வரில், ஆறு அறைகள் இருந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தில்தான் நிரப்புவார்கள். சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்கும். இல்லையென்றால், கீழே விழுந்தாலே வெடித்துவிடும்! பிஸ்டலில் கைப்பிடிக்குள் மேகஸின். இதில் ஒரு பொறி இருக்கு. மேகஸினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைப்பார்கள். ஆனால் குழலின் அடியறையில் ஒரு குண்டு மிச்சம் இருக்கலாம். முதலில் மேகஸினைக் கழற்றி, பிறகு மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, அடியறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கணும். வரிசை மாறக் கூடாது. காலி என்று நம்பிய துப்பாக்கிகள் எடுத்த உயிர்கள் ஏராளம்.

கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி இல்லாமல் இன்று எந்த ரேஞ்சிலும் விட மாட்டார்கள். பயிற்சி முடிந்ததும் குண்டு நீக்கிய துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டாக்கள் வேறொரு பூட்டில். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே கிடையாது.

கற்றுக்கொடுத்த கை

பெண்கள் சுடக் கற்கணும் என்பதில் ஆன்னி உறுதியாக இருந்தார். தனியாகப் பயணம் செய்யும் பெண் ரிவால்வரைக் கைப்பைக்குள் புதைத்து வைத்தால், ஆபத்து நேரத்தில் எடுக்கவே முடியாது என்பது அவர் வாதம். குடைக்கு அடியில் ரிவால்வரை மறைத்துப் பிடிப்பது எப்படி என்று ஒரு சின்சினாட்டி பத்திரிகைக்கு போஸ் கொடுத்தே காட்டினார். 1898-ல் ஸ்பெயினோடு போர் மூளும் நிலையில், ஜனாதிபதி மெக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். குறிபார்த்துச் சுடத் தெரிந்த 50 பெண்களைச் சொந்தத் துப்பாக்கி, சொந்தத் தோட்டாவுடன் அனுப்பத் தயார் என்று. அரசு ஏற்கவில்லை. முதல் உலகப்போரிலும் அதே மாதிரி கேட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை. சரி என்று, கணவரோடு ராணுவ முகாம்களுக்குப் போய் வீரர்களுக்குச் சுட்டுக்காட்டினார். டேவ் என்ற நாயைப் பழக்கி, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டினார். கைக்குட்டையில் கட்டி ஒளித்து வைத்த பணத்தை மோப்பம் பிடித்து டேவ் எடுத்துவிட்டால், அந்தப் பணம் சங்கத்துக்கு!

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட்டில் குளிர்காலம்தோறும் பெண்களுக்கு இலவசமாகச் சுடக் கற்றுக்கொடுத்தார். வாழ்நாளில் அவர் கற்றுக்கொடுத்த பெண்கள் 15,000 பேருக்குக் குறையாது என்று சொல்லப்படுகிறது. அதே ஆன்னி, பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தில் சேரவில்லை என்பது இன்றைக்கும் பலரை முழிக்கவைக்கிற முரண்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பா, ஆபத்தா? அந்தக் கேள்விக்கு அமெரிக்கா இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனா, கற்றுக்கொள்ளாமல் கையில் எடுப்பது ஆபத்து என்பதில் ரெண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு பொய், 55 வழக்குகள்

1901 அக்டோபரில் குழுவின் ரயில் வட கரோலினாவில் சரக்கு ரயிலோடு மோதியது. ஏராளமான குதிரைகள் செத்தன. அதன்பின் ஆன்னி வைல்ட் வெஸ்ட்டை விட்டு விலகினார். ஆனால் அதைவிடப் பெரிய அடி 1903 ஆகஸ்ட்டில் விழுந்தது.

கொக்கைன் வாங்க ஓர் ஆணின் பேன்ட்டைத் திருடிப் பிடிபட்டார் ஆன்னி ஓக்லி. இப்படி ஒரு செய்தி, ஹர்ஸ்ட் நிறுவனத்தின் சிகாகோ பத்திரிகைகளில் வந்தது. தந்தி மூலம் நாடு முழுக்கப் பரவியது. சரிபார்க்காமல் பத்திரிகைகள் எடுத்துப்போட்டன. உண்மையில் பிடிபட்டவர், அதே பெயரைப் பயன்படுத்திவந்த வேறொரு மேடைக் கலைஞர். வாட்ஸ்அப் இல்லாத காலத்து ஃபார்வர்டு!

பெரும்பாலான பத்திரிகைகள் மறுப்பு போட்டன. அதோடு விட்டிருக்கலாம். ஆன்னி விடவில்லை. 55 பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார். ஊர் ஊராக, கோர்ட் கோர்ட்டாக, 1910 வரை அலைந்தார். மேடையில் சம்பாதிக்க வேண்டிய வருஷங்களைச் சாட்சிக்கூண்டில் கழித்தார். அவரது பழைய வாழ்க்கையில் ஏதாவது அழுக்கு கிடைக்குமா என்று சொந்த ஊருக்கே ஆள் அனுப்பித் துழாவியது எதிர்த்தரப்பு. ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் 55-ல் 54 அவருக்குச் சாதகமாக முடிந்தன, தீர்ப்பாகவோ சமரசமாகவோ. கிடைத்த நஷ்டஈட்டைவிட வழக்குக்குச் செலவழித்தது அதிகம். ஏழை விடுதியிலிருந்து கிளம்பிய பெண்ணுக்குச் சொத்து என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதைக் காப்பாற்ற மற்றதைச் செலவு பண்ணத் தயங்கவில்லை.

கடைசிக் குறிகள்

60 வயதைக் கடந்த பிறகும் கை நடுங்கவில்லை. 1922-ல் பைன்ஹர்ஸ்ட்டில் பறந்த களிமண் தட்டுகள் 100-ஐயும் வரிசையாக உடைத்தார். அதே வருஷம் நவம்பரில் ஃபுளோரிடாவில் கார் கவிழ்ந்து இடுப்பும் கணுக்காலும் முறிந்தன. இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். காலில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு மறுபடி சுட வந்தார்.

வாங்கிய தங்கப் பதக்கங்களை உருக்கி, கிடைத்த பணத்தைத் தானமாகக் கொடுத்தார். 1926 நவம்பர் 3-ம் தேதி, பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் கிரீன்வில்லில் இறந்தார். வயது 66. ரத்தசோகை நோய்.

அதற்குச் சரியாக 18 நாள் கழித்து, நவம்பர் 21-ம் தேதி, ஃபிராங்க் பட்லர் இறந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் புதைக்கப்பட்டார்கள்.

1946-ல் ஆன்னியின் கதையை பிராட்வேயில் இசை நாடகமாகப் போட்டார்கள். செம ஹிட். அதன் முடிவில், காதலன் மனம் நோகக் கூடாது என்பதற்காக நாயகி வேண்டுமென்றே போட்டியில் தோற்றுப்போவாள். அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் பல லட்சம் பேர்.

நிஜத்தில் நடந்தது நேர்மாறு. ஆன்னி விட்டுக்கொடுக்கவில்லை. 25-க்கு 25 அடித்தார். தோற்ற மனிதர் அந்தப் பெண்ணுக்காகத் தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, 40 வருஷத்துக்கும் மேல் அவருக்குக் குறிப்பொருளை வீசிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.